அமெரிக்காவில் விளையாடும் மகன்

குரோருட், ஒஸ்லோ
ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சேந்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் தங்கச்சி சாருகாவும் சுகம். அந்த வடக்குக் கோடியில், வார்டோவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு நீ என் தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். அங்கே லூர்து மாமா இதை உன் கையில் கொடுத்து, நீ வாசிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரித்தான், பொறுத்து வாசி.

சாருகாவுக்குச் செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை. வாய்மொழிச் சோதனையாம், அதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் நோவு அப்படியேதான். எனக்கு வேலையில் வழித்தடத்தை மாற்றவில்லை, அதே பேருந்து, அதே தரிப்பிடங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிவளைத்துக் கதைத்துத்தான் இவ்வளவு கேட்டையும் நான் தேடிக்கொண்டது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒக்டோபரில் நீ அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினாய். முழங்கைக்குள் தசைநார் அறுந்து, வெட்டித் தைத்த பிறகும் பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்று பேஸ்போல் அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதினேழு வயதில் மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல் வேகத்தில் எறிந்த கை அது. நான் விமான நிலையத்துக்கு வந்தேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு கார் எங்கே என்று கேட்டாய். நான் வடக்கே போகும் விமானச் சீட்டை உன் கையில் தந்தேன். கொஞ்ச நாள் லூர்துவோடு இரு, மீன் தொழிற்சாலையில் வேலை பார், நான் இங்கே ஆட்களுக்குப் பக்குவமாகச் சொல்லிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். நீ சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாய். ‘கோவிக்கவாவது செய்திருக்கலாமே’ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஆட்களுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை.

என் பேருந்து எப்படி என்று உனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் பின்கதவால் ஏறிச் சத்தமில்லாமல் இருப்பார்கள். எங்கள் ஆட்கள் முன்கதவால் ஏறி, என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, “அண்ணை, மகன் எப்ப டீவியில வாறான்?” என்பார்கள். ஓட்டுநர் இருக்கையை விட்டு எங்கே எழும்பி ஓடுவது? விளையாடுகிறான் என்றேன். பிறகு எந்த அணி என்று கேட்டார்கள், ஒரு பெயரைச் சொன்னேன். பிறகு வென்றார்களா என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொல்லிச் சொல்லி, உன் பெயரில் இன்னொரு பிள்ளையை நானே வளர்த்துவிட்டேன். அவன் டெக்சஸில் இருக்கிறான், வாரம் இரண்டு ஆட்டம் ஆடுகிறான். ஒரு முறை அவனுக்குக் காய்ச்சல் என்று ஒருவருக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கவலைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சில நாட்களில் பேருந்துக் கண்ணாடியில், கடைசி இருக்கையில் தொப்பி போட்ட ஒருவன் தெரிவான். திரும்பிப் பார்த்தால் வேறு யாரோ வெள்ளைக்காரப் பொடியன்.

உன்னைக் கூப்பிடுவதை இப்படியே எட்டாம் மாதம், பத்தாம் மாதம் என்று இழுத்தேன். டிசம்பரில், நத்தாருக்கு நீ வீட்டுக்கு வரவா என்று கேட்டாய். பொங்கல் கழியட்டும் என்றேன். பொங்கல் கழிந்தது. அன்றைக்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. அங்கே பெண்கள் உன்னை விசாரிப்பார்கள், சாமிக்கு முன்னால் நின்று எப்படிப் பொய் சொல்வது என்றாள். ஒருநாள் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னாள், “அமெரிக்காவில இருக்கிற உங்கட மகனுக்கு என்னால சமைக்க ஏலாது. வார்டோவில இருக்கிற என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

நேற்று எங்கள் சங்கத்தின் விளையாட்டு விழா. சின்ன வயதில் நீயும் ஓடியிருக்கிறாய், உனக்குத் தெரியும், அங்கே கிண்ணங்கள் எல்லாம் காலமானவர்கள் பெயரில்தான். தொடங்குவதற்கு முன் அவர்களுடைய படங்களை மேசையில் வைத்து, சுடர் ஏற்றி, வந்தவர்கள் வரிசையில் போய்ப் பூ வைப்பார்கள். தலைவர் அருளானந்தன், எங்களுக்குச் சொல்லாமல், சந்தோஷப்படுத்த நினைத்து ஒரு வேலை செய்திருந்தார். சிறுவர் பந்தெறிதலுக்குச் ‘சேந்தன் வெற்றிக் கிண்ணம்’. நீ அமெரிக்கா போகும் முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அதையும் அந்த மேசையிலேயே வைத்துவிட்டார். நான்கு பேர் இறந்தவர்கள். ஐந்தாவதாக நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

வரிசை நகர்ந்தது. யாரும் கெட்ட மனதோடு செய்யவில்லை, மகன். கையில் பூவோடு வருகிறவர்கள் நான்கு படத்துக்கு வைத்துவிட்டு, அதே வேகத்தில் ஐந்தாவதற்கும் வைத்துவிட்டுப் போனார்கள். என் முறை வரும்போது உன் படத்துக்கு முன்னால் ஒரு குவியல் பூ. என் கை வைக்கவும் இல்லை, விலகவும் இல்லை, அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் நின்ற அம்மா முன்னுக்கு வந்தாள். உன் முன்னால் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சேலைத் தலைப்பில் போட்டாள். ஒன்று விடவில்லை. பிறகு படத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். என் மகன் அமெரிக்காவில் இல்லை, அவன் கை போய்விட்டது, ஒன்றே முக்கால் வருடமாக வார்டோவில் மீன் பெட்டி அடுக்குகிறான், அவனை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னவன் நான்தான் என்றேன். முழுவதும் சொன்னேன்.

வானம் இடிந்து விழும் என்று இருந்தேன். அருளானந்தன் பக்கத்தில் வந்து மெதுவாக, “அதுக்கேன் சிவானந்தன் பிள்ளையை அங்கை விட்டனீங்கள்? கை ஏலாமப் போனா வீட்டை வரக்கூடாதோ?” என்று கேட்டார். பிறகு சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது. தேநீர்க் கடையில் என்னைக் கண்டதும் இரண்டு பேர் கதையை நிறுத்தினார்கள், அதுவும் உண்மை. இன்று வேலையில் ஒருவர் என்னைக் கண்டுவிட்டுப் பின்கதவால் ஏறினார். ஏறட்டும்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அந்த டெக்சஸ் பிள்ளை போனது எனக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. இவ்வளவு நாள் கூட இருந்தவன். ஆனால் அவனுக்கு இடம் கொடுத்துத்தான் பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்தினேன். உன் கை தோற்றதற்கு நான் ஒருநாளும் உன்னில் கோவிக்கவில்லை. அந்தப் பயமெல்லாம் எனக்காக நான் பட்டது. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் கூசுகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நீ வலது கையால் பெட்டி தூக்குவதில்லை என்று லூர்து சொன்னார். இங்கே வந்தால் நல்ல வைத்தியரிடம் காட்டலாம். பந்து எறிவதற்கு இல்லை, சோறு அள்ளிச் சாப்பிட நோகக்கூடாது என்பதற்காக.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு ஒரு முறை தொலைபேசி எடு. வருவதென்றால், இருட்டில் வந்து இறங்காதே. சனிக்கிழமை பகலில் வா, தமிழ்க் கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம். நிலையத்தில் இறங்கி, அந்தக் கடை வாசலாலேயே நட. யார் கூப்பிட்டாலும் நின்று கதை. நான் உன் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன், நீ சம்மதித்தால்.

எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டும்,
உன் அப்பா
சிவானந்தன்