மெஷின்தானே வாசிச்சுச்சு

பசை காய்வதற்குள் பார்த்துவிட்டேன். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கப் போனவள், மைதாப் பசையின் புளித்த வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினால், சுவரில் நீ. கண்ணீர் அஞ்சலி. உன் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'இசைக்கலைஞர்' என்று போட்டிருந்தார்கள். படத்தில் உனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய்.

பேரன் பேத்தி எடுத்தவளின் சாவுக்கு ஏன் குமரிப் படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே கீபோர்டில் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதை நீ விட்டுவிட்டாய். விடவைத்தவள் நான்.

கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. காய்கறிப் பையோடு அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். துக்கம் கேட்கப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ போனது நிஜம்தானா என்று பார்க்கப் போனேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். போனவர்களைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டுமாம். சொல்கிறேன்.

உன் அப்பாவின் பேண்டேஜ் துணி ஆலையில் சரக்கு அறையை நமக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைத் துணி சுருள் சுருளாகக் கூரைவரை அடுக்கியிருக்கும். தறிகளின் சத்தம் அந்த அறைக்குள் நுழைந்ததும் பாதியாகிவிடும். நாம் போடும் சத்தமும் வெளியே போகாது. சிங்கப்பூரில் இருந்த உன் தாய்மாமா, எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்று சிந்தசைசர். கட்டைகளுக்கு மேலே வரிசையாகக் குமிழ்கள். இன்னொன்று ரிதம் பாக்ஸ். அதில் எந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் டிரம் விழும்; சின்னச் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அவற்றை வைத்து என்ன செய்வதென்று உன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நூற்பாலை ஃபிட்டரின் மகள், எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குக் கால்மிதி ஆர்மோனியம் வாசிக்கிறவள், கல்லூரியில் உனக்குப் பக்கத்து பெஞ்சுக்காரி என்று என்னைக் கூட்டிப்போனாய்.

"தொட்டுப் பாருட்டி, கடிக்காது" என்றாய்.

தொட்டேன். ஒரு குமிழைத் திருப்பினால் ஓசை மூக்கடைத்தாற்போல் உள்ளே போகும்; மறுபக்கம் திருப்பினால் பளீரென்று திறந்துகொள்ளும். ஆர்மோனியத்தில் சுரம் மட்டும்தான் என் கையில் இருந்தது. இங்கே ஓசையே என் கையில் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் விடவில்லை. அதற்கு நீதான் காரணம். இது முதல் நல்லது.

இரண்டாவதையும் சொல்லிவிடுகிறேன். நூற்பாலை ஆண்டு விழாவில் நாம் முதன்முதலாக மேடையேறினோம். நான் ரிதம் போட்டு, அதன்மேல் அடிச்சுரத்தை ஓடவிட்டு, குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தேன். நீ ஒலிபெருக்கிக்காரரின் எக்கோ பெட்டியைப் பார்த்துக்கொண்டாய். கூட்டத்தில் ஒருவர், "ஏம்மா, பாடுத புள்ள எங்க?" என்று கத்தினார். நீ மைக்கை எடுத்து, "பாடுத புள்ள இல்லை அண்ணாச்சி. செத்த நேரம் காதை மட்டும் குடுங்க, பொறவு திட்டுங்க" என்றாய். சிரித்தார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். எனக்கு அந்த வாய் கிடையாது. உனக்கு அந்தக் கை கிடையாது. இரண்டும் சேர்ந்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லது முடிந்தது.

ஒரு பிற்பகல், வெளியே ஓடிய தறிகளின் தாளத்தையே பிடித்து நான் ஒன்றை வாசித்தேன். எழுதி வைத்தது இல்லை, யோசித்து வைத்ததும் இல்லை. ஒரு டிரம்மில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஓசையை மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போனேன். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடியது. ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தியது நீ. அதற்கு 'தறிச்சத்தம்' என்று பெயர் வைத்ததும் நீ. வாசிக்கும்போதே எனக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் படுத்தேன். டைபாய்டு. முடியெல்லாம் கொட்டி எழுந்து நடமாட மாதங்கள் ஆயின. நீ ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. உன் வீட்டில் விடமாட்டார்கள் என்று உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எழுந்த பிறகு உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே கேசட் கடையில் சத்தமாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று நின்றேன். நடுவில் ஓர் இருமல் கேட்டது. என் இருமல். காய்ச்சலுக்கு முந்தின இருமல். அதைக்கூட வெட்டாமல் போட்டிருந்தார்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டிய அட்டையில், இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்துக்கொண்டு நீ சிரித்தாய். உன் பெயர் மட்டும் இருந்தது.

நேராக உன் சரக்கு அறைக்கு வந்தேன். நினைவிருக்கிறதா? முதலில் நீ தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாய். "மதுரையில இருந்து கேசட் கம்பெனிக்காரர் வந்திருந்தாரு. போட்டுக் காட்டுனேன். யாரு வாசிச்சதுன்னு கேட்டாரு. நான்னு வாயில வந்துருச்சு."

"இப்ப போய் மாத்திச் சொல்லு."

அப்போதுதான் நிமிர்ந்தாய். "எம்புட்டுப் பெரிசு பண்ணுத? பெட்டி எங்க மாமா வாங்கிட்டு வந்தது. நீ பொத்தானை அமுக்குன, அம்புட்டுதான். மெஷின்தானே வாசிச்சுச்சு?"

"அப்ப நீயும் அமுக்கிக் காட்டு."

உன் அம்மா எதுவும் தெரியாமல் காபியோடு வந்து, உங்கள் வீட்டுத் தெலுங்கில் "ரா, காபி தாகு" என்று என் கையில் டம்ளரைத் திணித்தார்கள். ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் மிச்சமும் தெரிந்தது. அந்தக் கம்பெனிக்காரர் 'தறிச்சத்தம்' வாசித்த கைக்கு மதுரையில் தன் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வேலை போட்டுத் தரத் தயாராக இருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார். போனால் குட்டு உடைந்துவிடும் என்று, வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் எனச் சாக்குச் சொல்லி நீ போகவில்லை. உனக்கு வேண்டாத அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. எனக்கும் இல்லாமல் ஆக்கினாய். திருடியதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேனோ என்னவோ. இதை மறக்கமாட்டேன்.

நான் அப்பா வேலை பார்த்த ஆலையிலேயே, ஆட்கள் வந்து போகும் நேரத்தைப் பதியும் டைம் ஆபீசில் சேர்ந்தேன். நீ கல்யாணம் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாய். நடுநடுவே உன் நிகழ்ச்சிகளைப் பற்றிக் காதில் விழும். மேடைக்குப் பின்னால் கேசட் ஓடும், முன்னால் உன் விரல்கள் கட்டைகளின் மேல் நடமாடும். நல்ல கைத்தட்டல் என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கங்கு ஊதப்படும். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து பழைய சிந்தசைசரும், சில பொத்தான் வேலை செய்யாத ரிதம் பாக்ஸும் வாங்கினேன். அறுந்த கம்பிகளை ஒட்ட சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன். தினமும் ஆலை விட்டு வந்து உன் முகத்தை எதிரே நிறுத்தி வைத்து வாசித்தேன். எனக்கு வாத்தியார் யாரும் கிடையாது. உன் மேல் இருந்த ஆத்திரம்தான் என்னை உட்காரவைத்தது. பெட்டிகளோடு ஒற்றை ஆளாய் மேடையேறத் தொடங்கினேன். மம்சாபுரத்தில் வாசித்தேன், வத்திராயிருப்பில் வாசித்தேன். காத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி மைதானத்தில், வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் ஆடி மாத விழா. இசை நிகழ்ச்சி நான். குத்துவிளக்கு ஏற்ற வந்த சிறப்பு விருந்தினர், 'தறிச்சத்தம் புகழ்' நீ. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையும் மல்லிகையுமாக முன்வரிசையில் உன் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போனது என்பதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும் ரிதம் பாக்ஸில் போட்டிருந்ததையெல்லாம் அழித்தேன். ஓசையைத் திறக்கும் குமிழை அடிவரை மூடினேன். பிறகு மைக்கை எடுத்தேன். எனக்கு அந்த வாய் கிடையாது என்றேனே, அன்றைக்கு வந்தது.

"என் சிநேகிதி இங்க இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆரம்பிச்சோம். தறிச்சத்தத்தை நம்ம ஊரு கேசட்டுல கேட்டிருக்கு. இன்னைக்கு அவங்க கையால கேக்கணும். மேல வாங்க."

மைதானமே தட்டியது. உன் கணவர் பெருமையாக, "போ, போ" என்று கையைக் காட்டினார். நீ ஏறி வந்தாய். வேறு வழி இல்லை. நான் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டேன்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினாய். சிவப்பு விளக்குகள் ஓடின. சத்தம் இல்லை. கட்டைகளை அழுத்தினாய். சாக்குக்குள் யாரோ முனகுவதுபோல் ஏதோ வந்தது. மறுபடி அழுத்தினாய். "கரண்டு போயிட்டா?" என்று யாரோ கேட்க, "லைட்டு எரியுதுல்லா" என்று இன்னொருவர் சொல்ல, பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஒரே ஒரு குமிழ்தான். திருப்பினால் திறந்துகொள்ளும். உன் விரல் ஒவ்வொரு குமிழாகப் போய்ப் போய்த் திரும்பியது.

"எதுட்டி?" என்றாய், உதடு அசையாமல். கண் நிறைந்திருந்தது.

மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு, உனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "மெஷின்தானே வாசிக்கும்?"

நீ இறங்கிப் போனாய். வீட்டுக்கு ஓடிவிடவும் முடியவில்லை. சிறப்பு விருந்தினர் நாற்காலி உன்னைப் பிடித்துக்கொண்டது. உன் எதிரிலேயே, ஒன்றுமில்லாத பெட்டியில் ஒரு டிரம்மிலிருந்து தொடங்கித் 'தறிச்சத்த'த்தை ஏற்றினேன். யாரும் எழுந்து போகவில்லை. அன்றைக்கு வாசித்ததுபோல் நான் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. முடிந்தபோது உன் கணவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கடைசியில் தட்டினாய்.

உன் நிகழ்ச்சிகள் அதோடு நின்றன. பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள், வேறு இடமில்லாமல் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க எழுந்தபோது சொன்னாய்: "அந்தக் குமிழைச் சொல்லியிருக்கலாம்."

"என் பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான் நாம் பேசியது. பிறகு பேசவே இல்லை.

ஆனால் நான் விடவில்லை. அந்த ஆடி விழாவுக்கு வருடா வருடம் என்னையே கூப்பிட்டார்கள். வேறு ஊரில் பெரிய மேடை வந்தாலும் வேண்டாமென்று விட்டு அதற்கு வருவேன். மைதானத்துக்கு அடுத்த தெருவில்தானே உன் வீடு. ஒலிபெருக்கிக்காரரிடம், "ஒரு பெட்டியை அந்த மஞ்சள் மாடியப் பார்த்துத் திருப்புங்க" என்பேன்.

"அந்தப் பக்கம் ஆளே இல்லையேக்கா?"

"ஒருத்தி இருக்கா. திருப்புங்க."

இப்போது வருகிற பையன்கள் ஒரு மடிக்கணினியை விரித்து வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறார்கள். "அக்கா, இதையெல்லாம் சுமந்துக்கிட்டு எதுக்கு? எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்கிறார்கள். உள்ளே இருப்பது எதுவும் எனக்கு வேண்டாம். பெட்டியைக் காலியாக்கிவிட்டுத்தான் தொடங்குவேன். கொள்கை என்று நினைத்துப் புகழ்கிறார்கள். உன்னைப்போல் ஆகிவிடக்கூடாது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

சரி. உன் வீட்டுக்கு வந்தேன் என்றேனே. கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பார்த்தேன். நிஜம்தான். திரும்பும்போது உன் மகள் வாசலில் என்னை நிறுத்தினாள். "நீங்க ராஜபாளையத்து மெஷின் அத்தைதானே?"

"அம்மா என்னைப் பத்திச் சொல்லியிருக்காளா?"

"வருஷா வருஷம் சொல்லுவாங்க. நீங்க வாசிக்கிற அன்னைக்கு டிவியை அமத்தச் சொல்லிட்டு மாடிக்குப் போயிருவாங்க. முடியுற வரைக்கும் கீழ வரமாட்டாங்க. வந்ததும் எங்கெங்க தப்புன்னு வரிசையாச் சொல்லுவாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியாது." அழுதுகொண்டிருந்த பெண், லேசாகச் சிரித்தாள். "போன வருஷம் படுக்கையில இருந்தாங்க. மாடிக்குத் தூக்கிட்டுப் போகச் சொன்னாங்க. கேட்டுட்டு, 'கடைசி உருப்படியில ரிதத்தை நிறுத்திட்டு மறுபடி விடுத எடத்துல முந்திட்டா. போன தடவையும் முந்துனா. வயசாகுதுல்லா அவளுக்கு' அப்படின்னாங்க."

எனக்குச் சுரீரென்றது. அந்த இடத்தில் நான் முந்தினேன். இரண்டு வருடமாக முந்திக்கொண்டிருந்தேன். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது தொடையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து தினமும் அந்த ஓர் இடத்தையே வாசிக்கிறேன். நிறுத்தி, மூச்சைப் பிடித்து, மறுபடி விடுகிறேன். நேற்று மாலை சரியாக விழுந்தது. திரும்ப வாசித்தேன், திரும்பவும் விழுந்தது. இந்த ஆடிக்கு அங்கே அப்படியே வாசிப்பேன். முந்தமாட்டேன். மைதானம் வழக்கம்போலத் தட்டும். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

நீ செய்த எதையும் நான் மன்னிக்கவில்லை. நான் திருத்தி வாசிப்பதைக் கேட்காமல் இப்படிப் பாதியில் எழுந்து போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.