காலியாகக் கிடந்த நாலு வீடு

மதினி,

மாடிப் போர்ஷனுக்கு இன்று வெள்ளை அடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை படியிறங்கி முற்றம் வரைக்கும் வந்தது. அந்த வாசனையோடு எப்போதும் நீங்களும் வருகிறீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆளில்லாத அறைக்குள் மெல்ல நடந்து போகிறீர்கள்.

அண்ணன் காலமான பிறகு மில்லிலிருந்து உங்களுக்கு வந்த பணத்தையும் என் சேமிப்பையும் சேர்த்து, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தப் பழைய வீட்டை நம் இருவர் பேரிலும் வாங்கினோம். நாலு போர்ஷனாகத் தடுத்தோம். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் குடிவந்தார்கள். காலையில் தெருமுனையில் கல்லூரி பஸ் ஹாரன் அடித்தால் வீடு முழுக்க ஓட்டமாக இருக்கும். வருகிற வாடகை வங்கித் தவணைக்குச் சரியாகப் போனது.

கொரோனா நோய்க்காலத்தில் கல்லூரியை மூடினார்கள். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நாலு வீடும் பூட்டிக் கிடந்தன. தவணை மட்டும் நிற்கவில்லை. ராஜபாளையத்தில் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, "வித்துருவோம் மதினி, நம்மால ஏலாது" என்றேன்.

நீங்கள் மறுக்கவில்லை. "சரி, வாங்குறவரை வரச் சொல்லு" என்றீர்கள்.

வந்தவர் ஒரு கடைக்காரர். நல்ல மனிதர்தான். கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார். இடித்துவிட்டுக் குடோன் கட்டப்போவதாகச் சொன்னார். நீங்கள் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினீர்கள். மாடியில் மேற்கு ஜன்னலைத் திறந்ததும் மலைக்காற்று குளிர்ச்சியாக உள்ளே வந்தது. தூக்கத்தில் நிற்பவரைப் போல அங்கேயே நின்றுவிட்டீர்கள். பிறகு அவரிடம் திரும்பி, "கோவிச்சுக்கிடாதீங்கண்ணே. வீட்டை வாடகைக்கு விட்டாச்சு" என்றீர்கள்.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "யாருக்கு மதினி விட்டுருக்கு?"

"இனிமேத்தான் வரணும்."

கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது. நீங்களோ மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி, யாருக்கோ கதை சொல்வது போலப் பேசிக்கொண்டு வந்தீர்கள். "மாடியில ஒரு நர்ஸம்மா இருக்கா. வேலை முடிஞ்சு வந்து பகல்ல தூங்குதா. கீழ ஒரு பிள்ளை தவழ்ந்து வருது. வாசல்ல யாரோ தண்ணி தெளிக்காக."

அப்படிப் பேசிய நீங்கள்தான் மறுநாள் வங்கியில் போய் உட்கார்ந்து தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டு வாங்கினீர்கள். மாதம் கட்டுவது குறைந்தது. ராஜபாளையத்தில் உங்கள் சொந்த வீட்டை ஒரு மில் அதிகாரிக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைத் தவணைக்குத் திருப்பினீர்கள். இரண்டு டிரங்குப் பெட்டியோடு இங்கே கீழ்ப் போர்ஷனுக்கு வந்துவிட்டீர்கள்.

"இந்த வயசுல தனியா எதுக்கு மதினி?" என்றேன்.

"பூட்டின வீட்டை யாரு பாப்பா? லைட்டு எரியட்டும், பொறவு பாரு ஏட்டி" என்றீர்கள்.

தேவதானத்திலிருந்து ஒரு தையல்காரரும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். அடுத்து ஒரு வாத்தியார் குடும்பம். நர்ஸ் வரவேயில்லை. மாடிக்கு வந்தவர் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர். பகலெல்லாம் அவர் விடுகிற குறட்டை முற்றத்தில் கேட்கும். "நர்ஸம்மா தூங்குதா, சத்தம் போடாத" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

கடன் முடிந்து பத்திரம் கைக்கு வருவதற்குள் போய்விட்டீர்கள். அன்று உங்களைக் குளிப்பாட்டியது வாத்தியாரின் மனைவியும் தையல்காரரின் மனைவியும்தான். சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை அவர்கள் என்னைத் தனியாக விடவில்லை.

உங்கள் போர்ஷனில் இப்போது நான் இருக்கிறேன். முன்பெல்லாம் யாராவது காலி செய்கிறேன் என்றால் ராத்திரி முழுக்கத் தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது காலியான அறைக்குள் போய், வெறுந்தரையில் செத்த நேரம் படுத்துக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிறது. தரை குளிர்ச்சியாக இருக்கிறது. தெருவில் யாரோ, "இங்க வீடு காலியா இருக்கா?" என்று கேட்கிற வரைக்கும் நன்றாகத் தூங்கிவிடுகிறேன்.