வயிற்றில் ஓர் ஊசி

ஜூன் 11, 1998
ஆஸ்பத்திரியிலிருந்து காரோட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கர்ப்பப்பையை எடுத்த காயம் ஆறிவருகிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு இடது காலில் ரத்தம் கட்டிவிட்டது. இனியும் கட்டாமலிருக்கக் காலையும் மாலையும் ஹெப்பாரின் ஊசி. அதுவும் வயிற்றில். அதுவும் நானே போட்டுக்கொள்ள வேண்டுமாம்! டாக்டர் வேறு யாரிடமோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஸ்ரீகுமாரிக்கும் இதே ஆபரேஷன், இதே கால்வீக்கம், இதே ஊசி. குன்னத்துகால்காரி. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

ஜூன் 12
முடியவில்லை. ஊசி வயிற்றருகே போனதும் கை மரத்துவிடுகிறது. பள்ளியில் தடுப்பூசி போடுகிற நாளில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, "உறும்பு கடிச்சது போலதான் மக்கா" என்று சொல்கிற டீச்சர் நான்.

என் வீட்டுக்காரர் ஈசாக் போட்டுத் தருகிறேன் என்று வந்தார். கோழி அறுக்கக் கூசாத மனுஷன். என் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"என்னக்கொண்டு ஒக்காது விமலே, முடியல்லே."

கடைசியில் அடுத்த வீட்டு நர்ஸ் சரசம்மாதான் வந்து போட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஜூன் 14
சரசம்மாதான். தொப்புளைச் சுற்றி நீலம் பாய்ந்திருக்கிறது.

ஜூன் 18
நல்ல மழை. செக்கப்புக்குப் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ரீகுமாரியும் அவள் வீட்டுக்காரர் சோமனும் இருந்தார்கள். ஊசி யார் போடுகிறார்கள் என்று கேட்டேன்.

"நான் தன்னேயாக்கும் சேச்சி."

நம்பவே முடியவில்லை. வார்டில் ரத்தம் எடுக்க வந்தாலே "எனக்க அம்மே" என்று கூவினவள்!

"வேதனை எடுக்காதா?"

"ஒண்ணும் இல்லை சேச்சி. தோலைக் கிள்ளிப் பிடிக்கணும், ஒரே குத்தா குத்தணும். கண்ணை மூடண்டாம். மூடினா பேடி கூடும், பயம் ஏறும், கேட்டியளா?"

சோமனுக்குப் பெருமை. "என்னை முறிக்குள்ளயே விடமாட்டா. கதவைச் சாத்திட்டுத் தனியாப் போடுவா."

வரும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் 20
சரசம்மாவுக்கு டியூட்டி மாறிவிட்டது, மாலையில் வர முடியாது.

போட்டேன். நானே! இரண்டு தடவை நுனி தோலில் உரசி, கை பின்னால் வந்துவிட்டது. ஸ்ரீகுமாரியே போடுகிறாள், ஸ்ரீகுமாரியே போடுகிறாள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குத்தினேன். கண்ணை மூடவில்லை. பொட்டுபோல ரத்தம் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அழுகை. கதவைத் திறந்தால் வெளியே ஈசாக் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டு நிற்கிறார்.

ஜூன் 23
போட்டேன். வலது பக்கம்.

ஜூலை 2
ஸ்ரீகுமாரி இறந்துவிட்டாள்.

ஜூலை 3
நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டு நின்றவள் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி சேருவதற்குள் போய்விட்டாள். காலில் கட்டின ரத்தம் நெஞ்சுக்கு ஏறியதாம். ஊசி போட்டுமா இப்படி? அப்ப எனக்கு?

ஈசாக் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டேன்.

"போட்டாத்தானே பிள்ளே. மருந்துக்குப்பி எல்லாம் திறக்காம அலமாரியில துணிக்கு அடியில இருந்துதாம். சோமன் எடுத்துக் காணிச்சான்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அப்ப கண்ணை மூடண்டாம்னு எங்கிட்ட சொன்னது யாரு? கதவைச் சாத்திட்டு உள்ளே என்ன செய்தா? ஊசியைக் கையில் வெச்சிட்டு அப்படியே இருந்தாளா, என்னைப்போல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாவி. சரசம்மாவை அனுப்பியிருப்பேனே.

சாயங்காலம் கை மறுபடியும் மரத்துவிட்டது. யாரை நினைத்துக் குத்துவேன்? அவள் போட்டதே இல்லையே. ஈசாக் உள்ளே வந்தார்.

"அவ போட்டாளோ இல்லையோ, நீ போட்டாயில்லியா. அது பொய்யில்லை பாத்துக்க."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோலை அவரே கிள்ளிப் பிடித்தார். குத்தினேன்.

ஜூலை 8
போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த அலமாரி கண்முன் வருகிறது.

ஜூலை 19
குன்னத்துகாலுக்குப் போனோம். வீக்கம் வற்றியதால் செருப்புப் போட முடிந்தது. சோமன் தாடியோடு இருந்தார். உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு கேட்டார்.

"சேச்சி, அந்த ஊசிக்கு அவ்வளவு வேதனை உண்டா?"

இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் இந்த மனுஷன் என்ன ஆவார்? உண்டு என்றால் அது பொய்.

"போடுகது வரைக்கும் பேடி அண்ணே. எனக்கும் அப்படித்தான். அண்ணைக்கு வராந்தாவில ஸ்ரீகுமாரி சொல்லித் தரல்லேன்னா நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். கிள்ளிப் பிடிக்கணும், கண்ணை மூடண்டாம்னு சொன்னா. இன்னைக்குக் காலையிலயும் அவ சொன்னதுபோலதான் போட்டேன்."

சோமன் உள்பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"அனகா, இங்க வா மக்களே. அம்மையைப் பற்றி இந்தச் சேச்சி சொல்லுகதைக் கேளு."

அவள் வந்து கதவோரம் நின்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.