ராகுகாலத்தில் போன இடம்

ஜனவரி 9, வெள்ளி

மகளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்க்கப் போனோம். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் படிப்பு. முதலில் வருகிறவர்களுக்குத்தான் இடம் என்பதால் சாவகச்சேரியில் முதல் பஸ் பிடித்தோம். எங்கள் முறை வந்தபோது மணி பத்தே முக்கால்.

"ராகுகாலம் பிள்ளை. பன்னிரண்டுக்குப் பிறகு குடுப்பம்."

"அப்பா, எங்களுக்குப் பின்னாலை எத்தினை பேர் நிக்கினம்."

நான் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு நானே வழிவிட்டேன், பெரிய மனிதன் மாதிரி.

பன்னிரண்டு மணிக்குப் படிவத்தை நீட்டினேன். கிளாக்கர் நிமிரவே இல்லை. "கடைசி இடம் இப்பதான் போனது ஐயா."

அங்கே கட்டணம் இல்லை. வெளியில் காசு கட்டிப் படிப்பிக்க எனக்கு வழியில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் இந்நேரம் நித்திரை வந்திருக்கும்.

சாப்பிடும்போதுதான் கதைத்தாள். "அடுத்த பதிவு ஜூலை பத்தாம் திகதியாம். என்ன கிழமை எண்டு பாருங்கோ அப்பா."

கலண்டரைப் புரட்டினேன். அதுவும் வெள்ளி. கோதாரி, என் கண் முதலில் தேடியது ராகுகாலத்தைத்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.