தம்பியின் முதல் திமிங்கிலம்

அன்புள்ள அம்மா,

தம்பி மினிக்கின் விருந்தன்று, "அக்காவுக்குத் திமிங்கிலத் தோலைக் கொடுக்காதீர்கள்" என்று நான் தொலைபேசியில் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அவன் வேட்டையாடிய முதல் திமிங்கிலம். முதல் இரையை நம் ஊரில் யார் மறுப்பார்கள்?

"ரெண்டு உசுருக்குத் தின்னுடி, இவாலு! இன்னொரு துண்டு!" என்று அக்காவை அதட்டினீர்கள். "கோபன்ஹேகன் கோழியத் தின்னு நீ நோஞ்சானாயிட்டே" என்று என்னையும் கேலி செய்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் தோலில் பாதரசம் எவ்வளவு என்று அளப்பதுதான் இங்கே ஆய்வகத்தில் என் வேலை. வயிற்றுக் குழந்தையின் மூளைக்கு அது நஞ்சு. பிரசவம்வரை அக்காவுக்குச் சிறு மீன் மட்டும் கொடுங்கள். என் பழைய சீல்தோல் கையுறைகளை அனுப்புங்கள். கை சில்லிட்டே இருக்கிறது.

அஞ்சலுக்கு நேரமாகிவிட்டது. நேற்று அக்காவின் இரத்தம் என் மேசைக்கு வந்தது. மூன்று முறை அளந்தேன். மூன்றிலும் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது.

உங்கள் பிப்பாலுக்