வாசலில் தெரிந்த உருவம்

இன்றைக்குக் காலையில் மிளகு காயப்போட்டோம். அந்த வாசம் வீட்டுக்குள் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள்.

அவள் பிறந்தபின்தான் என் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. சில வருடங்களில் முழுக்க அணைந்துபோனது. விழித்திரை கெட்டுவிட்டது, மருந்தில்லை என்றார்கள். அதன்பிறகு குண்டூர் நாட்டு மலைப்பாதை மேடுபள்ளமெல்லாம் நீங்கள்தான் என் கையைப் பிடித்து நடத்திப்போனீர்கள். கெட்டுப்போன விழித்திரைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் சிப் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பயம் உங்களுக்குத்தான்.

"ஏனுங்க டாக்டரம்மா, கரண்டுல ஓடறதுன்னா சூடாகுமல்லங்க? கண்ணு வெந்துபோச்சுன்னா?"

"சூடாகக் கூடாதுன்னுதாங்க பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கு. துளியூண்டு கரண்டு போதும். அதுவும் ஒயர் இல்லாம, மாட்டிக்கற கண்ணாடியில இருந்தே போயிரும். ஆனா முகமெல்லாம் தெரியாதுங்க. வெளிச்சம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும்."

வெளியே வந்ததும், "நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு சாமி இந்தப் பாடு?" என்றீர்கள்.

"வாசல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதுங்க."

சம்மதம் சொல்லத் திரும்பி உள்ளே போனீர்கள்.

காயம் ஆறி, சிப்பை ஓடவிட்டுப் பழக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் வளைந்து வளைந்து மலையேறும்போதே ஜன்னல் பக்கம் வெளிச்சம் வந்து வந்து போனது. வீட்டுக்குள் என்னை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் வாசலில் போய் நின்றீர்கள். வெளிச்சப் புள்ளிகளுக்கு நடுவே கறுப்பாக ஓர் உருவம்.

"இப்ப எங்க நிக்கறேன்?"

"இடது பக்கமுங்க."

நகர்ந்தீர்கள். "இப்ப?"

"இந்தப் பக்கம் வந்துட்டீங்க."

நீங்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெளியில் வெள்ளை நிறம்தான் எனக்குச் சட்டென்று தெரிகிறது என்று அறிந்ததிலிருந்து, மரவள்ளிக் காட்டுக்குக்கூட உங்களுக்கு வெள்ளைச் சட்டைதான். "தினமும் கல்யாணமாங்க?" என்று ஊரே கேட்டது. செம்மண் கறையை அடித்துத் துவைத்தவள் நான்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். அழுது தீர்த்தேன், தேறியும்விட்டேன். பஸ் நிற்குமிடம் வரைக்கும் கோலூன்றித் தனியாகவே போய்வருகிறேன்.

கடைசியில் உங்களுக்குத் தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்ததாம். மகள் சொல்கிறாள். அதையெல்லாம் சிப் எனக்குக் காட்டவில்லை. அதில் எனக்குக் குறையுமில்லை. கருகருவென்ற மீசையோடு, கைக்குழந்தையைத் தூக்கி வைத்துச் சிரிக்கிறீர்களே, அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு வயதே ஆகவில்லை. எனக்கு மட்டும்தான் ஆகிக்கொண்டு வருகிறது.