சாம்பிள் ஜோடி

ஆம்பூர்
23 ஜூன் 2024

அன்புள்ள இன்பாவுக்கு,

நானும் ஹெப்சியும் நலம். போனில் பேசும்போது அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். மகன் குரலைக் கேட்க அவருக்கு ஆசை இருக்காதா. ஆனால் அவர் எதிரில் நான் நினைத்ததையெல்லாம் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹெப்சி பள்ளிக்குப் போகிறாள். தோல் தொழிற்சாலைகளைத் தாண்டும்வரை பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். "உங்கப்பன் இந்த நாத்தத்துலதான்டி படிச்சு இத்தாலி போனான்" என்கிறார் அத்தை.

தெருவில் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "எப்போ திரும்பிப் போறீங்க?" ஒரேயடியாக வந்துவிட்டோம் என்றால் நம்புவதில்லை. "அப்போ இன்பா?" டிசம்பரில் வந்துவிடுவார் என்கிறேன்.

ஒன்பது வருஷமாக ஊருக்குப் போகலாம், போகலாம் என்று சொன்னது நீங்கள். எனக்கு அங்கே ஃபெர்மோவில் ஒரு நூலகமும், அதற்கு ஏறிப்போகும் தெருவும் போதுமாக இருந்தன. உங்களுக்காகத்தான் பெட்டி கட்டினேன். வேறு குறை இல்லை. வெயில்தான் தாங்கவில்லை.

உங்கள்
கிறிஸ்டினா

ஃபெர்மோ
7 ஜூலை 2024

அன்பு கிறிஸ்டி,

கடிதம் கிடைத்தது. கம்பெனியில் குளிர்கால ஷூ மாடல்கள் வேலை தலைக்கு மேல். வீடு அமைதியாக இருக்கிறது. உன் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டேன். டிசம்பரில் வேலை ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு கனவில்கூட வருகிறது. தெருவில் புதிதாக யார் வீடு கட்டுகிறார்கள், பாலாற்றில் தண்ணீர் வந்ததா, எல்லாவற்றையும் எழுது.

உன்
இன்பா

ஆம்பூர்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள இன்பாவுக்கு,

பாலாற்றில் தண்ணீர் வரவில்லை. நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

ஷூ ஃபேக்டரி ஒன்றின் சாம்பிள் அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இத்தாலிக்காரர்களின் மெயில்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. சேர்ந்த வாரமே சூப்பர்வைசர் மதியழகன் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா சைஸும்மா? முப்பத்தேழா?" என்றார். பெண்கள் சாம்பிள் எல்லாம் அந்த சைஸில்தானே. அதிலிருந்து எந்த மாடல் முடிந்தாலும் போட்டு நடந்து காட்டுவது நான்தான்.

நேற்று ஒரு பழுப்பு நிறச் செருப்பு. மதியம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். உங்கள் கம்பெனிக்குப் போகிற மாடல் அது. வழக்கம்போல இடது கால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் பீரோவில் இருக்கும். வலது கால் ஒப்புதலுக்காக உங்கள் மேஜைக்கு வரும். பெட்டியை ஒட்டும்போது மதியழகன், "வீட்டுக்காரருக்கு ஒத்தச் செருப்பு அனுப்புறியே, குடும்பம் நடக்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிசம்பர் டிக்கெட் போட்டுவிட்டீர்களா? அத்தை உங்கள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

உங்கள்
கிறிஸ்டினா

ஃபெர்மோ
24 நவம்பர் 2024

அன்பு கிறிஸ்டி,

செருப்பு வந்தது. ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். உள்ளே உன் கட்டைவிரல் பதிந்த தடம் லேசாகத் தெரிகிறது.

டிசம்பர் முடியாது போலிருக்கிறது. புதிய ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். ஈஸ்டருக்கு நிச்சயம். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

இன்பா

ஃபெர்மோ
30 மார்ச் 2025

கிறிஸ்டி,

அந்தப் பழுப்புச் செருப்பு மாடலைக் கைவிட்டுவிட்டார்கள். இனி அந்தச் சாம்பிளால் பயனில்லை. என்னோடு வேலை பார்க்கும் மேல்விஷாரம் தவ்ஃபீக் ஊருக்கு வருகிறான், அதை அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஹெப்சிக்குக் கலர் பென்சில்களும் இருக்கின்றன.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் இருந்தேன். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இங்கே இருக்கும்போதுதான் இருக்கிறது. டிக்கெட் போட உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. பெட்டிகளைப் பிரித்து உன் புத்தகங்களை மறுபடி அடுக்கிவிட்டேன். ஹெப்சியை அழைத்துக்கொண்டு நீ திரும்பி வந்துவிடு.

இன்பா

ஆம்பூர்
27 ஏப்ரல் 2025

இன்பாவுக்கு,

தவ்ஃபீக் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அத்தை அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, நீங்கள் இளைத்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

ஹெப்சி இப்போது பஸ்ஸில் மூக்கைப் பொத்துவதில்லை. அந்த வாடை அவளுக்குத் தெரிவதே இல்லை என்கிறாள். யாராவது எப்போ போறே என்று கேட்டால், "எங்க போறது?" என்கிறாள். அவளை மறுபடி ஒருமுறை பிடுங்கி நட என்னிடம் தெம்பு இல்லை. எனக்காகக்கூட இன்னொரு பெட்டி கட்ட முடியாது. கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் பலம் வேண்டும்; அந்த அளவுக்குக்கூட நான் தூங்கவில்லை.

புத்தகங்களை அந்த நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இந்த முறை நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன்.

ஆர்டர் வராத மாடல் என்பதால் மதியழகன் பீரோவைத் திறந்து இடது காலையும் என்னிடமே கொடுத்துவிட்டார். இன்று சர்ச்சுக்கு அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு போனேன். உங்கள் ஜன்னல் வெயிலில் வலது கால் வெளுத்துவிட்டது. பீரோவில் இருந்தது அப்படியே இருக்கிறது.

படியிறங்கும்போது அத்தை பார்த்துவிட்டார். "இன்னாம்மா, ரெண்டும் ரெண்டு கலரு?"

"ஒரே ஜோடிதான் அத்தை" என்றேன்.

குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, "கடிக்குதா?" என்றார்.

கடிக்கவில்லை. என் காலுக்குச் செய்ததுதானே.

கிறிஸ்டினா